எல்லைக் கோட்டை இருமல் லேகியம்

செவ்வந்திபுரத்து ராஜா இளவழுதிக்குக் கோபம் வந்தால் முதலில் மீசைதான் துடிக்கும். அன்று சபையில் அது நிற்காமல் துடித்தது.

எல்லாம் இருமல் லேகியத்தால் வந்த வினை. அரண்மனையில் சிற்றம்பலப் பண்டிதர் கிண்டும் லேகியத்தில் ஓர் உருண்டை தின்றால் போதும், இருமல் ஓடிப்போகும். எல்லைக் கோட்டை வீரர்களுக்காக, பண்டிதர் எழுதிக் கொடுத்த ஓலையைப் பார்த்து அந்தக் கோட்டை மருத்துவச்சி பிச்சம்மை அதே லேகியத்தைச் செய்தாள். அது தண்ணீராக ஓடியது. மூன்றே நாளில் பூசணம் பிடித்தது. மறைந்திருந்து காவல் காக்கிற வீரர்கள் இருமி இருமியே எதிரிக்குத் தங்களைக் காட்டிக்கொடுத்தார்கள்.

"இவளுக்குக் கைப்பக்குவம் கிடையாது அரசே. வேலையை விட்டு நீக்குங்கள்" என்றார் பண்டிதர்.

பதினைந்து வருஷமாகச் செய்கிற வேலை. பிச்சம்மைக்குக் கண் கலங்கிவிட்டது. "ஓலையில் உள்ளபடியேதான் செய்தேன், மகாராஜா" என்றாள்.

சபையில் திருமேனி என்றொரு ஆசாமி இருந்தார். வாய்த்துடுக்கு அதிகம், மூளையும் அதற்குக் குறைவில்லை. ஓலையை வாங்கி உரக்கப் படித்தார். "சுக்கு, மிளகு, திப்பிலி தட்டிப் போட்டுக் கருப்பட்டிப் பாகு ஊற்றி, ஒரு தரம் வெற்றிலை மென்று முடிக்கும் நேரம் கிண்டி இறக்கவும்."

படித்துவிட்டு, "இரண்டு பேருக்கும் வெற்றிலை கொடுங்கள்" என்றார்.

பண்டிதரும் பிச்சம்மையும் ஒன்றாக மெல்ல ஆரம்பித்தார்கள். பிச்சம்மை சட்டென்று முடித்துவிட்டாள். பண்டிதருக்கு வாயில் மிச்சம் இருந்ததோ நாலே பல். பாவம், இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக ஒதுக்கி ஒதுக்கி மென்றார். ராஜா இரண்டு வழக்கு விசாரித்துத் தீர்ப்பும் சொல்லியாயிற்று. பண்டிதர் இன்னும் முடிக்கவில்லை.

"ஓலை எல்லைக்குப் போய்விட்டது அரசே. பண்டிதரின் பல் இங்கேயே தங்கிவிட்டது" என்றார் திருமேனி.

பண்டிதர் சீறினார். "ஓலையை மாற்றி எழுதினால் மட்டும் கண்டவன் கையிலும் லேகியம் வந்துவிடுமோ?"

"பார்த்துவிடுவோமே. பிச்சம்மை எழுதட்டும். கரண்டியே பிடித்தறியாத ஒருவர் செய்யட்டும். சரியாக வராவிட்டால் அவளோடு என்னையும் வீட்டுக்கு அனுப்புங்கள்."

மறுநாள் பண்டிதர் கிண்டக் கிண்டப் பக்கத்தில் நின்று பிச்சம்மை எழுதினாள். எத்தனை பலம் சுக்கு, எந்த அளவு உருளி, எத்தனை நாழிகை, கரண்டியிலிருந்து பாகு எப்படி விழ வேண்டும் என்பதுவரை ஒன்றையும் விடவில்லை.

"சரி, செய்யப்போவது யார்?" என்று கேட்டார் ராஜா.

திருமேனி கரண்டியை ராஜாவிடமே நீட்டினார்.

ராஜா பிறந்ததிலிருந்து அடுப்பங்கரைப் பக்கம் போனதில்லை. ஆனாலும் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு வரி படிப்பார், அதைச் செய்வார், அடுத்த வரி படிப்பார். வியர்த்துக் கொட்டியது. கடைசியில் இறக்கிய லேகியத்தைப் பண்டிதரே ருசி பார்த்தார். உடனே கையை நீட்டி இன்னோர் உருண்டை எடுத்துக்கொண்டார்.

ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தீரா திருமேனி, எனக்கும் கைப்பக்குவம் இருக்கிறது."

"மன்னிக்க வேண்டும் அரசே. தாங்கள் செய்தே சரியாக வந்துவிட்டதே, அதைவிட அந்த ஓலைக்கு வேறு சாட்சி எதற்கு?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கே ஓலைக்குப் பதினெட்டுப் பிரதி எடுத்து, மேலே பிச்சம்மை பெயரைப் போட்டு, எல்லாக் கோட்டைகளுக்கும் அனுப்பச் சொன்னார்.