பெனிசனுக்கு ஓர் உதாரணம்

சர்ச்சில் லத்தீன் பூசை நின்று எத்தனையோ வருஷமாகியும், சின்ன வயதில் பீடத்தருகே நின்று சொன்ன பதில்கள் கல்லூரிப் பியூன் தொம்மையின் நாக்கிலேயே இருந்தன.

மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்டு வகுப்பறைக்குள் வந்தவரிடம், ஆங்கிலப் பேராசிரியர் வைத்தமாநிதி கரும்பலகையைக் காட்டினார். "பெனிசன். பழைய இங்கிலீஷ் வார்த்தை. இங்க ஒருத்தனுக்கும் தெரியல. அர்த்தமும் பூர்வீகமும் நீ சொல்லு, கையெழுத்துப் போடறேன்."

"ஆசீர்வாதம், ஐயா. பூசையில கேட்ட பெனெதிக்சியோதான் தேஞ்சு இப்படி ஆகியிருக்கும். லத்தீன்ல நல்லதைச் சொல்றதுன்னு எங்க சாமியார் சொல்வார்."

பையன்கள் மேஜையைத் தட்டினார்கள். பேராசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கே, ஒரு உதாரணம் சொல்லு!"

"பதினெட்டு வருஷமா இந்த வாசல்லயே நிக்கேன். உங்க வாயில நல்ல வார்த்தை ஒண்ணு கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, ஐயா."

பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். லீவுத் தாளை நீட்டும்போது தொண்டையைச் செருமினார். "உன் பொண்ணு நல்லா இருக்கட்டும்."

தொம்மை கைகூப்பினார். "உதாரணம் கிடைச்சிருச்சு, ஐயா."