தண்ணீர் போன இடம்

“ஒண்ணே ஒண்ணு பார்த்துச் சொன்னா போதும்மா. என் வண்டி எதனால நின்னுது?”

கேட்டவர் தாணுமூர்த்தி. நாகர்கோவிலில் தையல் கடை வைத்திருந்தவர். அறுபது வயது தாண்டியவர்.

கேட்கப்பட்டவள் எஸ்தர். பைபாஸ் ஓரம் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவள். அவருடைய மகள் வயதுதான் இருக்கும். அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்கள் நிறைய. வாயைத் திறந்து எதையும் விளக்க மாட்டாள் என்று பாதியில் ஓடியவர்களும் நிறைய.

தாணுமூர்த்தி தன் காரை ஒரு ஜீப்பில் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார். காரின் மேல் தார்ப்பாயின் தடம் இருந்தது. டயர்கள் காற்றிறங்கித் தரையில் படிந்திருந்தன.

“எப்ப நின்னுது?”

“மாசியில.”

இப்போது ஐப்பசி.

“அப்பவே கொண்டு வந்திருக்கலாமே அண்ணாச்சி.”

அவர் காரின் கூரையில் கை வைத்தார்.

“நாளைக்கு இதைப் பழைய இரும்புக்கு எடுக்க வாறாங்க. அதுக்கு முன்ன எனக்குத் தெரியணும்.”

எஸ்தர் பானட்டைத் திறந்தாள்.

உள்ளே சருகு. அணில் கூடு. எல்லாவற்றின் மேலும் ஈரம் காய்ந்து படிந்த புழுதி.

“இன்ஜின்ல தண்ணி அடிச்சியளா?”

தாணுமூர்த்தி அந்தப் புழுதியைப் பார்த்தார்.

“அடிச்சேன்.”

மாசியில் மனைவி பகவதியோடு திருச்செந்தூர் போவதாக இருந்தது. முந்தின நாள் பெட்ரோல் போட்டுவிட்டு வந்து வண்டியைக் கழுவினார். வெளியே பளபளவென்று ஆனதும் உள்ளேயும் அப்படி இருக்கட்டுமே என்று தோன்றியது. பக்கத்து வீட்டில் பிரஷர் குழாய் இருந்தது. இரவல் வாங்கினார்.

“இன்ஜின் சூடா இருந்துதா?”

“ஆவி வந்துது. அழுக்கு நல்லா விடும்னு நெனச்சேன்.”

பகவதி வாசலில் நின்று, போதும் உள்ளே வாங்க என்றாள். இவர் கேட்கவில்லை. கறை இல்லாமல் வேலை முடிப்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு.

மறுநாள் விடியும்போது அவளுக்கு நெஞ்சு வலித்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக் காரில் ஏற்றினார். வண்டி ஒரே சாவியில் கிளம்பியது. பாதி வழியில் உதறியது. பிறகு நின்றுவிட்டது. திரும்பத் திரும்பச் சாவியைப் போட்டார். பகவதி அவர் கையைப் பிடித்து, பதறாதீங்க என்றாள். ஒரு ஆட்டோ வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனபோது அவள் பேச்சு நின்றிருந்தது.

“எல்லாரும் சொல்லிட்டாங்கம்மா. உங்க தப்பு இல்லேன்னு மகன் சொல்லிட்டான். டாக்டர் சொல்லிட்டாரு. கோயில்ல பூசை வைக்கிற போற்றியும் சொல்லிட்டாரு, விதி வந்தா வண்டி நிக்கத்தான் செய்யும்னு.”

“ம்.”

“ஒருத்தரும் பானட்டைத் திறந்து பாக்கல்ல.”

எஸ்தர் டார்ச்சை எடுத்தாள்.

காற்றுக் குழாயால் புழுதியை ஊதினாள். பிளக்கின் மேல் இருந்த, அதற்கு மின்சாரம் தரும் காயிலை உருவினாள். கீழே குனிந்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் கையை விட்டு, ஒரு வயரின் சாக்கெட்டைக் கழற்றினாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

அதை அவரிடம் நீட்டினாள்.

உள்ளே இருந்த பித்தளைப் பின்களில் பச்சை பூத்திருந்தது.

“இது என்னது?”

“தண்ணி போன இடம்.”

“அப்ப…”

“ஆமா. வண்டி நின்னது தண்ணியாலதான்.”

சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

“நான் அடிச்ச தண்ணி.”

“நீங்க அடிச்ச தண்ணி.”

“வண்டி நிக்காம போயிருந்தா, அவ பிழைச்சிருப்பாளா?”

“எனக்குத் தெரியாது.”

“தெரியாதா?”

“வண்டி மட்டுந்தான் எனக்குத் தெரியும் அண்ணாச்சி.”

அவருக்குக் கோபம் வந்தது.

“ஒரு வார்த்தை ஆறுதலாச் சொல்லப்படாதா? நானும் ஒரு மனுஷன்தானே!”

“அதைச் சொல்லத்தான் வேற ஆளு இருக்காங்களே. நீங்க என்கிட்ட அதுக்கா வந்தீங்க?”

தாணுமூர்த்தி அந்தச் சாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு பம்பரைப் பிடித்துக்கொண்டு அழுதார். சுடுகாட்டில் அழாதவர் என்று அவரைப் பற்றி ஊரில் பேச்சு உண்டு.

எஸ்தர் தடுக்கவில்லை. பக்கத்து ஆட்டோவின் ஹெட்லைட்டைக் கழற்றப் போனாள்.

அழுகை ஓய்ந்தபின் அவர் அவள் பின்னால் வந்து நின்றார்.

“ஒழுங்காக் கழுவுறதுன்னா எப்படிக் கழுவணும்?”

“இனிமே அது எதுக்கு? நாளைக்கு இரும்புக்குப் போற வண்டி.”

“எந்த இடத்துல தப்புப் பண்ணுனேன்னு தெரியணும்.”

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். ஒரு பெயின்ட் பிரஷை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

“கை வையுங்க.”

“எங்க?”

“இன்ஜின் மேல.”

வைத்தார். குளிர்ந்து கிடந்தது.

“இப்படி இருந்தாத்தான் தொடணும்.”

பாட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றினாள். சருகை அவர் கையால் அள்ளவிட்டாள். காய்ந்த புழுதியைக் காய்ந்தபடியே பிரஷால் தட்டவிட்டாள். பிறகு அறைக்குள் போய், ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர்களை ஒரு கொத்தாக எடுத்து வந்தாள்.

டைனமோவுக்கு ஒன்று. ஃபியூஸ் பாக்ஸுக்கு ஒன்று. காற்று உறிஞ்சும் வாய்க்கு ஒன்று. காயிலைத் திரும்பப் பொருத்தி அதன் மேலும் ஒன்று. அவள் சுற்றிக்கொண்டே போக, அவர் டேப் ஒட்டிக்கொண்டே வந்தார். தையல்காரரின் விரல். சுருக்கமே விழவில்லை.

திடீரென்று நிறுத்தினார்.

“இவ்வளவுதானா?”

“என்ன?”

“இந்தக் கவருதானா? இதை மூடியிருந்தா உள்ள போயிருக்காதா?”

“பிரஷர் அடிச்சா எதை மூடினாலும் நிச்சயம் கிடையாது. பிரஷர் குழாயைத் தொடாம, ஆறவிட்டு, இதை மூடியிருந்தா போயிருக்காது.”

“எங் கடையில இந்தக் கவரு மூட்டை மூட்டையாக் கெடந்துதும்மா.”

தரையில் உட்கார்ந்துவிட்டார். கால் நீட்டி, ஆயில் கறை படிந்த மண்ணில், வெள்ளை வேட்டியோடு. அவர் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

“பெரிய தப்பா இருந்திருக்கலாமே. ஒரு கவரு…”

எஸ்தர் அவருக்கு எதிரே குந்தினாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று அவர் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழவும் இல்லை. வெயில் நகர்ந்து அவள் முதுகில் விழுந்தது. ஆட்டோக்காரர் வந்து, என் வண்டி என்னாச்சு என்றார். அப்புறம் வாங்க என்றாள்.

கடைசியில் அவராகவே எழுந்தார்.

“அடுத்து என்ன?”

கிரீஸ் படிந்த இடத்தில் மட்டும் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொன்னாள். அவர் குழாயைத் தேடினார். அவள் ஒரு வாளியையும் துணியையும் தள்ளினாள். துணியை நனைத்து அவர் நன்றாகப் பிழிந்தார். அவள் வாங்கி இன்னொரு முறை பிழிந்து கொடுத்தாள்.

அவர் துடைத்தார். மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். ஒரு குழாயின் அடியில் கறை போகவில்லை. நகத்தால் சுரண்டினார்.

“அது இருக்கட்டும்.”

“அழுக்கால்லா இருக்கு.”

“இருக்கட்டும் அண்ணாச்சி.”

கையை எடுக்க அவருக்கு வெகு நேரம் ஆயிற்று.

கவர்களைப் பிரித்தார்கள். பானட்டைத் திறந்தபடி வெயிலில் விட்டார்கள். பச்சை பூத்த சாக்கெட்டை அவள் மருந்து அடித்துச் சின்ன பிரஷால் தேய்த்து, உலரவிட்டு, மாட்டினாள். டயருக்குக் காற்று அடித்தாள். பிளக்குகளை மாற்றினாள். செத்த பாட்டரியை எடுத்துவிட்டுத் தன்னிடம் இருந்த ஒன்றை வைத்தாள்.

“சாவியைப் போடுங்க.”

“நானா?”

“உங்க வண்டிதானே.”

தாணுமூர்த்தி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார்.

இன்ஜின் இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. ஒரே சீராக ஓடியது.

அவர் கண்ணைத் திறந்தார்.

“ஓடுது.”

“ஆமா.”

“ஓடப்படாதுன்னு வேண்டிக்கிட்டிருந்தேன்.”

“தெரியும்.”

“ஓடாம இருந்தா, வண்டிதான் மோசம்னு சொல்லிக்கலாம். இனி யாரைச் சொல்ல?”

எஸ்தர் பானட்டை இறக்கி அழுத்தினாள். ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்து, இடது பக்கக் கதவைத் திறந்தாள்.

“அங்க வேண்டாம்மா!” அவர் கத்தியேவிட்டார். “அவ இருந்த இடம்.”

எஸ்தர் கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு சீட்டின் மேல் இருந்த புழுதியைச் சேலைத் தலைப்பால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

“பஸ்ஸு போயிட்டுது அண்ணாச்சி. என்னை வீட்ல விட்டுருங்க.”

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சாலையைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

“என்னால முடியாதும்மா. வழியில நின்னுட்டா?”

“நின்னா நான் இறங்கித் தள்ளுறேன்.”