முதலில் தொட்டவன் எறியலாம்

கால்பந்தில் வெளியே போன பந்தை முதலில் தொட்டவன் எறியலாம் என்று விதி எழுதிய புண்ணியவானே, எல்லாம் உம்மால் வந்த வினை!

இரண்டு ஊருக்கும் ஒரே மைதானம்; தோற்கும் ஊருக்கு ஒரு வருடம் அது கிடையாது. ஒரு ஊர்க்காரரான கமிட்டித் தலைவரோ, ஆட்டத்திலேயே இல்லாத தன் மச்சானைக் கோட்டோரம் நிறுத்தியிருந்தார். அவன் எறிந்த பந்தில் விழுந்த கோலால் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று.

மைதானத்தில் கோடு போடும் மற்ற ஊர்ச் சிலுவடிமைக்கு இதைப் பார்த்துப் பார்த்தே அலுத்துவிட்டது. கடைசி நிமிடம் பந்து வெளியே உருண்டதும், சுண்ணாம்புக் கையால் எடுத்துத் தன் ஊர்க்காரனுக்கு எறிந்தான். கோல்!

"செல்லாதுடே! நீ ஆட்டக்காரனா?" தலைவர் குதித்தார்.

"இல்லதான் அண்ணாச்சி. அப்போ உங்க மச்சான் எறிஞ்ச கோலும் செல்லாதுல்லா?"

இரண்டும் செல்லும் என்றால் இரண்டுக்கு ஒன்று, செல்லாது என்றால் ஒன்றுக்குப் பூஜ்யம்; எப்படிப் பார்த்தாலும் சிலுவடிமை ஊருக்கே வெற்றி. அவன் பெருமூச்சோடு அழிந்த கோட்டைப் போடக் குனிந்தான்.

விதி எழுதியவரே, வெளியே அடித்தவனின் எதிரணிதான் எறியவேண்டும் என்று இனியாவது மாற்றி எழுதித் தொலையும்!