பூஜ்யம் போட்ட கட்டங்கள்

அம்பலவாணன் மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்கு வந்தபோது, கமருன்னிசா மொட்டைமாடியில் ரேடியோவுக்கான ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவரைவிட வயதில் நன்றாகவே இளையவள். ஆனால் வீட்டிலிருந்தபடி கடல் தாண்டிப் பேசுகிற ஹாம் ரேடியோ வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்து, பரீட்சைக்கு உட்கார வைத்தது அவள்தான். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"சந்தேகம் இல்லாம என்னைக்கு வந்திருக்கீங்க? கம்பியைத் தாண்டி வாங்கண்ணே. போன தடவை மாதிரி இழுத்துக்கிட்டு வராதீங்க."

எந்த நேரத்தில் எந்த ஊருக்கு அலை போய்ச் சேரும் என்று கணித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை அவள் அவருக்குப் போட்டுக் கொடுத்திருந்தாள். யாரோடு பேசினோம், எந்த ஊர், எத்தனை மணி, சத்தம் எவ்வளவு என்ற பதிவை அதில் ஏற்றினால், அதைப் பார்த்துத் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். அம்பலவாணன் ஏற்றியபோது பாதியில் நின்றுவிட்டது. சில வரிகளில் சத்தத்தின் கட்டம் காலியாக இருக்கிறது என்றது.

அந்த வரிகளெல்லாம் ஒரே ஆளுடையவை. ஈப்போ லெட்சுமணன். மலேசியாவில் தோட்டத்தில் பிறந்து, லாரி ஓட்டிப் பிழைத்த மனுஷர். இருவரும் நேரில் பார்த்ததில்லை. அம்பலவாணன் உப்புக் கிடங்கு ராக்காவலுக்குக் கிளம்புமுன், தினமும் ஆறு மணிக்குப் பேசிக்கொள்வார்கள். போன் நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. ரேடியோ இருக்கும்போது போன் எதற்கு என்று இரண்டு பேருக்குமே ஒரு கர்வம்.

சித்திரையில் ஒருநாள் லெட்சுமணன் குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அம்பலவாணன் விடாமல் கூப்பிட்டார். கூப்பிட்டதையெல்லாம் பதிவில் எழுதினார். பதில்தான் இல்லை, அதனால் கட்டமும் காலி.

"காலியா விட்டா ஏத்த மாட்டேங்குது டீச்சர். எல்லாத்துலயும் பூஜ்யம் போட்டேன். சரசரன்னு ஏறிடுச்சு."

"அப்புறம் என்ன?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஈப்போவுக்கு நேரே சாயங்காலம் முழுக்கக் கறுப்பு. அலை போகாது என்று அர்த்தம்.

"பாருங்க, வானம்தான் மூடிக்கிச்சு. அவர் அங்க பேசிக்கிட்டுத்தான் இருக்கார், நமக்கு வரலை. எப்பத் திறக்கும்னு மட்டும் இது சொல்ல மாட்டேங்குது. அதைச் சரிபண்ணிக் கொடுத்திடுங்க."

"இப்பவும் தினம் கூப்பிடறீங்களா?"

"கறுப்பா இருக்கும்போது எதுக்கு? ஒரு வாரமா செட்டையே போடறதில்லை. நேரத்தோட வேலைக்குப் போயிடறேன்." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதைப் பார்க்கத்தான் கமருன்னிசாவுக்கு என்னவோ போலிருந்தது.

"அண்ணே, போன மாசம் உங்க வீட்டுக் கதவைத் தட்டினேன். யாரும் திறக்கலை."

"தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன்னு சொன்னேனே."

"நாகப்பட்டினத்துக்கு ரோடே இல்லைன்னு எழுதி வச்சுக்கட்டுமா?"

அவர் மடிக்கணினியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

மணி ஆறாகியிருந்தது. அவள் மாடி அறைக்குள் போய்த் தன் செட்டைப் போட்டாள். லெட்சுமணன் வழக்கமாக வரும் அலைவரிசைக்குத் திருப்பினாள்.

"வேண்டாம் டீச்சர்," என்றார் அம்பலவாணன்.

கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம், பக்கத்து மாடியில் நின்று பேசுகிற மாதிரி ஒரு பெண் குரல்.

"நாகப்பட்டினம் அம்பலவாணன் அங்கிள். நான் ஈப்போ லெட்சுமணன் மக பேசுறேன். அப்பாவோட கூட்டாளி பக்கத்துல இருக்காங்க, அவங்க செட்ல பேசுறேன். இந்த வாரம் பூரா கூப்பிட்டுட்டேன் அங்கிள். கேக்குதா?"

கமருன்னிசா மைக்கை நீட்டினாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எடுத்தா அவ சொல்லிடுவா டீச்சர்."

"ஆமா."

"இன்னும் ஒரு நாள் போகட்டுமே."

"அங்கிள், கேக்குதா?" என்றது குரல்.

"இன்னைக்கு உங்க பேருக்கு நேரா அந்தப் பொண்ணு என்ன போட்டுக்கணும், சொல்லுங்க," என்றாள் கமருன்னிசா. "பூஜ்யமா?"

அவர் மைக்கை வாங்கினார். பழக்கதோஷத்தில் முதலில் சத்தத்துக்கு மார்க் சொன்னார். "அஞ்சு ஒன்பதும்மா. இதுக்கு மேல மார்க் கிடையாது. நல்லா வருது." அழுத்திய பொத்தானை விடாமல் வைத்திருந்தார். விட்டால்தான் அவள் பேச முடியும். கடைசியில், "சொல்லும்மா," என்று விட்டார்.

லெட்சுமணனின் மகள் சொன்னாள். அப்பா போனது சித்திரையில், தூக்கத்திலேயே. அப்பாவுடைய செட்டைப் போடத் தெரியாமல், கூட்டாளியைத் தேடிப் பிடிக்க இவ்வளவு நாளாகிவிட்டது என்றாள். அம்பலவாணன் அவ்வப்போது "சரிம்மா" என்றார். ஒரு வார்த்தைகூட இரைச்சலில் விடுபடவில்லை.

செட்டை அணைத்தார். பிறகு மடிக்கணினியைத் திறந்து, பூஜ்யங்களை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார். கமருன்னிசா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறியது.

எல்லாம் அழித்து முடிந்ததும் கட்டங்கள் பழையபடி காலியாக இருந்தன.

"டீச்சர், இப்ப மறுபடியும் ஏறாதே. நான் கூப்பிட்ட நாளெல்லாம் பொய்யில்லையே. இதையெல்லாம் எதுலதான் ஏத்தறது?"

"எதுலயும் ஏத்த வேண்டாம்ணே," என்றாள் கமருன்னிசா. "நீங்களே வச்சுக்கங்க."