எருமை பார்த்த முகம்

வெள்ளரிக்குளத்தில் புத்தி தாராளமாகவே விளையும். விளைந்ததை யாரும் அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, அவ்வளவுதான். அந்த ஊர்க் கொம்பையாவுக்கு வந்த சோதனையைக் கேளுங்கள்.

முழுக்க முழுக்கக் கடலாகவே கிடக்கும் ஒரு வேற்றுக்கிரகத்தைப் பற்றிய சினிமா. அதன் முதல் பாகத்தை அவர்கள் ஊர்க் குளத்தில்தான் எடுத்தார்கள். கொம்பையாவும் நடித்தான். தண்ணீருக்கடியில் உட்கார்ந்து குமிழி விடுகிற வேஷம். படம் பார்த்த மாமனார் மாசானம், "குமிழி தெரியுது மாப்பிள்ளை, மூஞ்சி எங்க?" என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை. புருஷனோடு தன் ஊருக்குப் படம் பார்க்க வந்த மகள் உலகம்மாளையும் தன்னோடு நிறுத்திக்கொண்டார்.

"திரையில உங்க மூஞ்சி வரட்டும். அப்புறம் கூட்டிட்டுப் போங்க."

கொம்பையாவுக்கு உலகம்மாள் என்றால் உயிர். அவள் இல்லாத வீட்டில் கஞ்சியைத் தீயவிட்டுக் குடித்துக்கொண்டு நாளைத் தள்ளினான்.

ஒருவழியாக இரண்டாம் பாகம் எடுக்க வந்தார்கள். இந்தத் தடவை கொம்பையாவுக்கும் கூட்டாளிகள் வேலாண்டிக்கும் இசக்கிக்கும் கடல்வாசி வேஷம். உடம்பெல்லாம் நீலச் சாயம்.

"நீங்க கடலுக்குள்ளேயே வாழுறவங்க. மனுஷனையே பார்த்ததில்ல," என்றார் டைரக்டர். "மூணு நாள் கழிச்சு ஷூட்டிங். கப்பல் வரும்போது எழுந்து நிக்கணும், அவ்வளவுதான்."

மூவரும் கவலையோடு கூடிப் பேசினார்கள்.

"இதுவரைக்கும் பார்த்தது போகட்டும். இனிமே ஒரு மனுஷனையும் பார்க்கக்கூடாது," என்றான் கொம்பையா.

"எருமையைப் பார்க்கலாமா?" என்று கேட்டான் வேலாண்டி.

"எருமை மனுஷன் இல்லியே. பார்க்கலாம்."

"என் கையை நான் பார்க்கலாமா?" என்றான் இசக்கி.

"சாயம் பூசின பிறகு பார்க்கலாம். அதுவரைக்கும் நீ மனுஷன்."

மூவரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். எருமை வந்தால் மட்டும் அவிழ்ப்பதென்று ஏற்பாடு. வருவது எருமையா ஆளா என்று அவிழ்க்காமல் எப்படித் தெரியும்? அதனால் காலடிச் சத்தம் கேட்டபோதெல்லாம், "நீங்க எருமையா?" என்று மரியாதையாக விசாரித்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் பதில் சொல்லவில்லை, அடித்தார். அதிலிருந்து அவர் மனுஷன் என்று தெரிந்துகொண்டார்கள்.

ஷூட்டிங் நாளில் கப்பல் வந்தது. மூவரும் சாயத்தோடு குளத்திலிருந்து எழுந்தார்கள். எதிரே கேமராக்காரர் நின்றார். சந்தேகமே இல்லாமல் மனுஷன். மூவரும் சட்டென்று முதுகைக் காட்டினார்கள். டைரக்டர் கத்தினார், கெஞ்சினார், கேமராவை எதிர்க்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவர்கள் இந்தக் கரைக்குத் திரும்பிக்கொண்டார்கள். பொழுதும் சாய்ந்துவிட்டது.

"போகட்டும். அந்தக் கிரகத்துல முதுகு காட்டுறதுதான் வணக்கம்னு வச்சுக்கலாம்," என்று டைரக்டர் மூட்டை கட்டினார்.

மாமனார் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில், பள்ளிக்கூட மைதானத்தில் திரை கட்டி அந்தப் படத்தைப் போட்டார்கள். திரை நிறையத் தன் நீல முதுகு வந்ததும், கொம்பையா படம் ஓட்டுகிறவரிடம் சொல்லி அங்கேயே நிறுத்தி வைத்தான்.

"இதுவும் மூஞ்சி இல்லியே," என்றார் மாசானம்.

"முதுகு இந்தப் பக்கம்னா மூஞ்சி அந்தப் பக்கம்தானே மாமா?"

நியாயம்தான் என்று பட்டது. ஊரே எழுந்து திரைக்குப் பின்னால் போனது. அங்கேயும் முதுகுதான் தெரிந்தது.

"நாங்க வர்றதுக்குள்ள திரும்பிட்டீங்களே மாப்பிள்ளை."

"மனுஷங்க யாரையும் நான் பார்க்கக்கூடாது மாமா. இத்தனை பேர் நின்னா எப்படித் திரும்புவேன்?"

மாசானம் உடனே மைதானத்தைக் காலி செய்யச் சொன்னார். படம் ஓட்டுகிறவரையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். ஊரே மதிலுக்கு வெளியே மூச்சுக் காட்டாமல் நின்றது.

"இப்பத் திரும்பியிருப்பீங்களா?"

"திரும்பிட்டேன் மாமா. மூஞ்சி நல்லாத் தெரியும்."

"பார்த்துச் சொல்ல உள்ளே யாரு இருக்கா?"

உள்ளே மாசானத்தின் எருமை மட்டும் திரை முன்னால் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது தலையை ஆட்டிக்கொண்டே வெளியே வந்தது. மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை," என்றார்.

உலகம்மாள் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். எருமையையும் கூடவே ஓட்டிக்கொண்டாள். மூன்றாம் பாகம் வரும்போது, இரண்டாம் பாகத்தில் இருந்தவர் இவர்தானா என்று அடையாளம் காட்ட வேறு யார் இருக்கிறார்கள்?