எந்தப் பக்கம் சட்டைப்பை

ஹேக் நகரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில், இணையத்தில் கிடக்கும் வீடியோக்களைத் துழாவிப் போர்க்குற்றவாளிகளைத் தேடும் சிறு குழு ஒன்று இருந்தது. குரு நிறோஷினிக்கு இருபத்தொன்பது வயது. சீடர் அருமைநாயகம், யாழ்ப்பாணத்தில் வழக்கறிஞராக இருந்து ஓய்வுபெற்றவர். வயது இப்படித் தலைகீழாக இருக்கச் சாத்திரத்தில் தடையில்லை. அவர் தேடிப் பார்த்துவிட்டார்.

வீடியோவில் ஒரு சிப்பாய், பேக்கரி வாசலில் பாண் வாங்க வரிசையில் நின்றவர்களைச் சுட்டான். இடது புருவத்தில் தழும்பு. கடைப் பலகைகளின் எழுத்துகள் மட்டும் படிக்க முடியாதபடி மங்கலாக இருந்தன. அதே தழும்போடு ஒரு முன்னாள் சிப்பாயை அருமைநாயகம் கண்டுபிடித்திருந்தார். இப்போது பேருந்து ஓட்டுகிறவர். மாலையில் பெயரை வெளியிடுவதாக ஏற்பாடு. வெளியானால் அந்த மனிதரின் வீட்டுக் கதவு மறுநாள் மிஞ்சாது.

"குருவே," என்றார், பாதி கேலியாக. "எப்ப நாங்கள் உறுதி எண்டு சொல்லலாம்?"

"வீடியோ எடுத்த தெரு கிடைச்சதோ, அங்கிள்?"

"இல்லை. தேவாலயத்துக்கு இடப்பக்கம் மருந்துக்கடை உள்ள தெரு, அந்த ஆளின்ர படை நிண்ட ஊரில இல்லை. ஊர்தான் பிழைபோல கிடக்கு. முகம் சரி."

நிறோஷினி அவருடைய சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி அவர் கையிலேயே கொடுத்தாள். வீடியோவை நிறுத்தினாள். வரிசையின் முன்னால் ஒரு கிழவர் கேமராவைப் பார்த்தபடி நின்றார்.

"இதை அவற்ற சட்டைப்பையில வையுங்கோ."

பேனா திரையில் கிழவரின் இடது மார்புக்குப் போனது. அங்கே பை இல்லை. வலது மார்பில் இருந்தது. அடுத்தவருக்கும் வலதில். அதற்கடுத்தவருக்கும்.

"அந்த ஊர்த் தையல்காரர்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

"கண்ணாடியில தெரியிற மாதிரித் திருப்பிப் போட்டிருக்கினம்," என்றாள். "தளங்கள் நீக்கின வீடியோவைப் பிடிபடாமல் திரும்ப ஏத்த இப்பிடிச் செய்யிறவை."

படத்தை நேராக்கினாள். மருந்துக்கடை தேவாலயத்துக்கு வலப்பக்கம் வந்தது. அவர் பலமுறை பார்த்துத் தள்ளிவிட்ட தெரு அது. சுட்டவனின் தழும்பு வலது புருவத்துக்குப் போனது. ஓட்டுநரின் படத்திலோ, பின்னால் நின்ற பேருந்தின் எழுத்துகள் நேராக இருந்தன. அவர் தழும்பு உண்மையிலேயே இடது புருவத்தில்தான்.

அருமைநாயகம் பெயரை அழித்தார்.

"தெரு கிடைச்சிட்டுது. சுட்டவனை இனித் தேடுவம்," என்றார். பிறகு, "அந்த ஓட்டுநரிட்ட மன்னிப்புக் கேக்க வேணும் போல கிடக்கு, பிள்ளை. போன் எடுக்கட்டோ?"

"அவருக்கு இண்டைக்கு ஒண்டுமே நடக்கேல்லை, அங்கிள். அதைக் கெடுக்காதேங்கோ."