வெள்ளி தொட்ட ஒன்று

"அந்தத் துண்டை நான் பார்க்கணும்" என்றார் டாக்டர் தேவசகாயம்.

திசு ஆய்வுக்கூடத்தில் அப்போது மைமூன் மட்டும்தான் இருந்தாள். பதினாறு வருஷமாக அங்கே டெக்னீஷியன். மூளை அறுவை செய்கிற பெரிய டாக்டர் மாடியிறங்கி அந்த அறைக்கு வந்து அவள் பார்த்ததில்லை. அவரிடமிருந்து திசுத் துண்டு போட்ட பாட்டில்கள்தான் வரும்.

"எந்தத் துண்டு சார்?"

"பூரணி டீச்சரோடது."

அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எல்லோருக்குமே தெரியும். நாலு மாதம் முன்பு டீச்சரின் தலையிலிருந்து எலுமிச்சம்பழ அளவுக் கட்டி ஒன்றை அவர் எடுத்தார். கட்டி முழுசாக வந்தது. டீச்சர் பிழைத்தார். நடந்தார், சாப்பிட்டார், சொன்னதெல்லாம் புரிந்துகொண்டார். பேச்சு மட்டும் திரும்பவில்லை.

"மாசாமாசம் வர்றாங்க. என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. ஏதோ சொல்ல வாயெடுக்கறாங்க. வரமாட்டேங்குது. அதுக்கப்புறம் என்னால கத்தியைத் தொட முடியலை."

மைமூன் அலமாரியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தாள். உள்ளே வேர்க்கடலை அளவில் வெளிறிய ஒரு துண்டு. மேலே ஒட்டிய சீட்டில் அவருடைய கையெழுத்தில் 'ஓரம்' என்று இருந்தது.

"இது கட்டி இல்லை சார். கட்டிக்குப் போற வழியில நீங்க எடுத்தது."

"அதுதான் வேணும். அதுக்குள்ள என்ன இருந்ததுன்னு காட்டும்மா."

"வெள்ளிக் கரைசல்ல ஊறப்போட்டா நரம்புச் செல் கறுப்பாத் தெரியும். ஆனா நீங்களே போடணும்."

"எனக்கு அது தெரியாதே."

"தெரியாதுதான்" என்று ஒரு ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

துண்டை மூன்றாக அறுத்தாள். "மூணு தடவைதான். அதுக்கு மேல இல்லை."

முதல் துண்டை டாக்டர் ஆரஞ்சு நிறக் கரைசலில் ஒரு வாரம் ஊறவைத்தார். பிறகு வெள்ளிக் கரைசலுக்கு மாற்ற, பழக்க தோஷத்தில் பையிலிருந்த எஃகு இடுக்கியால் எடுத்தார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் துண்டு முழுக்கக் கரி பிடித்துக் கிடந்தது.

"உலோகம் பட்டா வெள்ளி கெட்டுடும் சார்" என்று மைமூன் இடுக்கியை வாங்கித் தள்ளி வைத்தாள். ஒரு மூங்கில் குச்சியை அவர் கையில் கொடுத்தாள்.

இரண்டாவது துண்டு ஊறிக்கொண்டிருந்தபோது வார்டிலிருந்து டாக்டரைத் தேடி ஆள் வந்தது. மூக்கையா என்கிற லாரி டிரைவர் தலையில் கட்டியோடு படுத்திருந்தார். மெதுவாக வளர்கிற கட்டி. வேறு டாக்டர் செய்கிறேன் என்றாலும் அவர் சம்மதிக்கவில்லை. தேவசகாயம் ஐயா செய்தால்தான் ஆயிற்று என்று பிடிவாதமாக இருந்தார்.

டாக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று நாள் முன்னதாகவே துண்டை ஆரஞ்சுக் கரைசலிலிருந்து எடுத்து வெள்ளிக்கு மாற்றிவிட்டார். இரண்டு நாள் கழித்துச் சீவி, கண்ணாடியில் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

வெறும் மஞ்சள்.

"ஒண்ணுமே தெரியலையே."

மைமூன் குனிந்து பார்த்தாள். "உங்க அவசரம் தெரியுது சார்."

மூன்றாவது துண்டில் அவர் அவசரப்படவில்லை. தினமும் மத்தியானம் வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். வெள்ளியில் போட்டபிறகு பாட்டிலைக் கறுப்புத் தாளால் சுற்றி வைத்திருந்தார்கள். தாளை விலக்கிப் பார்க்க அவருக்குக் கை பரபரத்தது. விலக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மைமூன் தலையசைத்தாள்.

அவரே சீவினார். அவரே கண்ணாடியில் ஏற்றினார். கண்ணை வைத்தார்.

மஞ்சள் வெளியின் நடுவே கன்னங்கரேலென்று ஒன்று நின்றது. இலையில்லாத கருவேலம் போல. அடியிலிருந்து நூலிழையாக ஒரு வேர் எங்கேயோ போயிற்று. மேலே கிளை, கிளைக்குள் கிளை. கிளை நெடுக நுண்ணிய முட்கள். ஒரு முள் விடாமல் எண்ணலாம் போலிருந்தது.

முப்பது வருஷம் மூளையைக் கையால் தொட்டவர் அவர். இந்தச் செல்லைப் பாடப்புத்தகத்தில் நூறு தடவை பார்த்திருக்கிறார். ஆனால் இது பூரணி டீச்சருடையது.

வெகுநேரம் அவர் கண்ணை எடுக்கவில்லை. வெளியே யாரோ டிராலி தள்ளிக்கொண்டு போனார்கள்.

"ஒண்ணுதான் தெரியுது" என்றார் கடைசியில். குரல் தாழ்ந்திருந்தது.

"ஒண்ணுதான் சார் தெரியும். நூத்துல ஒண்ணுலதான் வெள்ளி பிடிக்கும்."

"ஏன் இது? பக்கத்துல இருக்கறது ஏன் இல்லை?"

"தெரியாது சார்."

"யாருக்குத் தெரியும்?"

"இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியலை."

அவர் மறுபடி குனிந்தார். "அப்ப, சுத்தி இருக்கற இந்த மஞ்சள் எல்லாம்?"

மைமூன் பென்சிலை எடுத்து மேஜையில் கிடந்த தாளில் ஒரு புள்ளி வைத்தாள்.

"இவ்வளவு இடத்துல இந்த மாதிரி நூத்துக்கணக்குல இருக்கு. ஒண்ணோட கிளை இன்னொண்ணுக்குள்ள. ஊசி நுழைய இடம் இல்லை. எல்லாத்துலயும் வெள்ளி பிடிச்சிருந்தா உங்களுக்கு இருட்டுதான் தெரியும்."

டாக்டர் புள்ளியைப் பார்த்தார். பிறகு தன் வலது கை விரல்களைப் பார்த்தார்.

"நான் எடுத்தது கடலை அளவு."

மைமூன் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"இதைப் பார்த்த பிறகு எப்படிங்க கத்தி வைக்கறது?" அவளிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவருக்கே அது தெரியவில்லை.

"பார்க்காம எப்படி சார் வச்சீங்க?"

அவள் குரலில் குற்றம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டது போலத்தான் இருந்தது.

டாக்டர் மேஜையில் இருந்த போனை இழுத்து வார்டுக்கு டயல் செய்தார்.

"மூக்கையாவைத் திங்கட்கிழமை எடுத்துக்கறேன்."

"சரிங்க சார்" என்றார் நர்ஸ். "தியேட்டர் எத்தனை மணி நேரத்துக்குப் போடட்டும்?"

போனைக் காதில் வைத்தபடியே அவர் மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார்.

"முழு நாளும்."